இரவல் உறுப்புகள்

என் பேரன் ஓர் இனத்தைப் படைத்திருக்கிறான். நண்பர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் கற்பனை விளையாட்டு அது. குள்ளர்கள், வனவாசிகள், அரக்கர்கள் என்று ஏற்கெனவே உள்ள இனங்கள் அலுத்துப்போய் இவன் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறான்: ஊர் ஊராகத் திரியும் கதைசொல்லிகள். விதிகளை ஒரு தாளில் எழுதியிருந்தான். நினைவாற்றலுக்கு இரண்டு புள்ளி கூடுதல். ஏழு நாளுக்கு மேல் ஓரிடத்தில் தங்கினால் வலிமை குறையும். பிறக்கும்போதே ஆயிரம் கதைகள் தெரியும். தாளின் தலைப்பில், யோருபா நாட்டார் கதைகளிலிருந்து தூண்டுதல் பெற்றது என்று ஒரு வரி.

"தாத்தா, நீங்க அங்க இருந்தீங்கல்ல? இவங்களுக்கு ஒரு பேர் சொல்லுங்க. கேட்டா நிஜம் மாதிரி இருக்கணும்" என்றான்.

இரண்டு வாரமாகிறது. இன்னும் சொல்லவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்தபோது, பிரச்னை அவனுடையதல்ல, நாற்பது வருஷமாக நான் தள்ளிப்போட்டுவந்தது என்பது தெரிந்தது.

1979 அக்டோபரில் நைஜீரியாவின் மேற்கு மாநிலங்களில் பதவிக்கு வந்த அரசுகள் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கின. பள்ளிகள் பெருகின, ஆசிரியர்கள் போதவில்லை. இந்தியாவிலிருந்து போன பலரில் நானும் ஒருவன். 1980 முதல் 1984 வரை ஓயோவுக்கும் ஒக்போமோஷோவுக்கும் இடையில் ஒரு சிற்றூரில் பௌதிகம் கற்பித்தேன். செம்மண் சுவர்களும் துருவேறிய தகரக் கூரைகளுமான ஊர். பக்கத்து வீட்டில் என்னுடன் வேலை பார்த்த ஆசிரியர். அவருடைய தாயாரை எல்லோரும் இயா அக்பா என்று கூப்பிட்டார்கள். பாட்டி என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மின்சாரம் போன இரவுகளில் பிள்ளைகள் அந்தக் கிழவியைச் சூழ்ந்துகொள்வார்கள். முதலில் விடுகதைகள். அப்புறம்தான் கதை. இரண்டுக்கும் அலோ என்றே பெயர். பகலில் அலோ சொல்வதில்லை. கிழவி "ஆலோ ஓ!" என்று குரல் கொடுப்பார். பிள்ளைகள் "ஆலோ!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராமல் கதை தொடங்காது. நடுவில் பாட்டு வரும். அதிலும் கிழவிக்குப் பாதிதான், மீதி பிள்ளைகளுடையது. எதிர்க்குரல் சோர்ந்தால் கதை நின்றுவிடும். எனக்கு இது விசித்திரமாக இருந்திருக்கக் கூடாது. என் பாட்டி கதை சொன்னபோது நாங்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் "தூங்கிட்டியா?" என்று கதையை நிறுத்திவிடுவாள். ஆனால் அந்த வயதில் நான் நவீன இலக்கியம் படித்தவன். உம் கொட்டுவது குழந்தைகளின் காரியம், நான் பதிவு செய்ய வந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு போனேன். அன்று கிழவி சொன்ன கதையை மறுநாள் மகன் எனக்கு விளக்கினார். வரன்களையெல்லாம் ஒதுக்கிய ஒரு பெண். சந்தையில் ஒரு பேரழகனைக் கண்டு அவன் பின்னால் போகிறாள். காட்டுக்குள் போகப்போக அவன் ஒவ்வோர் இடமாக நின்று, இரவல் வாங்கிய உறுப்புகளை உடையவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறான். கால், கை, உடம்பு எல்லாம் போய்க் கடைசியில் வெறும் தலை உருண்டு போகிறது.

விளக்கி முடித்த பிறகு, நாடாவில் இன்னொரு இடத்தையும் அவர் ஓடவிட்டார். கிழவி எதையோ சொல்ல, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "என்ன சொல்கிறார்?" என்றேன். அவருக்குச் சங்கடம். "பெட்டிக்குக் காது இருக்கிறது, பிடித்திருக்கும் மனுஷனுக்கு வாய் இல்லையா என்று கேட்கிறாள்" என்றார். நானும் சிரித்தேன். அடுத்த முறை போனபோதும் வாய் திறக்கவில்லை. பதிவு கெட்டுவிடுமே.

இந்தக் கதையின் ஒரு ரூபம் உலகத்துக்குத் தெரிந்ததுதான். அமோஸ் டுட்டுவோலாவின் 'பாம் ஒயின் டிரிங்கார்ட்' நாவல் 1952-இல் லண்டனில் வெளிவந்தது. தனக்குக் கள் இறக்கித் தந்தவன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போக, அவனைத் தேடி இறந்தவர்களின் ஊருக்குப் போகும் ஒரு குடிகாரனின் பயணம். அதில் இந்த இரவல் கனவான் வருகிறான். டுட்டுவோலா அவனுக்கு ஒரு காரியம் சேர்க்கிறார்: உறுப்பைத் திருப்பும்போதெல்லாம் அவன் வாடகையும் கொடுக்கிறான். மிச்சமாவது மண்டை ஓடு. டிலன் தாமஸ் நாவலைப் புகழ்ந்தார். நைஜீரியாவில் படித்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆங்கிலம் கொச்சை என்றார்கள். கதைகளும் இவருடையவை அல்ல, ஊரில் எல்லோரும் சொல்பவை, ஃபகுன்வா ஏற்கெனவே யோருபாவில் எழுதிவிட்டவை என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1920-இல் அபெயோகுட்டாவில் பிறந்து, கதை கேட்டு, பதில் குரல் கொடுத்து வளர்ந்த ஒருவர் அதே கதையைத் தன் மூச்சில் திருப்பிச் சொல்வது இரவல்தானா? இரவல் என்றால் வாடகை கொடுக்கப்பட்ட இரவல். அவர் எழுத்து வாக்கியத்துக்கு வாக்கியம், எதிரே கேட்பவர் இருக்கும் பாவனையில் நகர்கிறது. பதில் வந்துவிட்ட தைரியம் அதில் இருக்கிறது.

நான் செய்தது வேறு. ஊர் திரும்பி, 1985-இல் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கதை எழுதினேன். பெயரில்லாத ஒரு தேசம், அதில் நிலமில்லாத ஓர் இனம், அவர்கள் தொழில் கதை சொல்வது. அவர்களில் ஒருவன் உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக் கடைசியில் வெறும் குரலாகிறான். நாலைந்து நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். தமிழில் இப்படி ஒரு கற்பனை வந்ததில்லை என்றார் ஒருவர். அந்தக் கடிதத்தை வெகுநாள் வைத்திருந்தேன். கிழவியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கலைஞனுக்கு எல்லா அனுபவமும் கச்சாப்பொருள் என்று அப்போது நாங்கள் பேசிக்கொள்வோம். வசதியான வாதம்.

பேரனின் தாளைப் படித்தபோது என் கதையே புள்ளிகளும் விதிகளுமாக வந்து நிற்பது போலிருந்தது. அவன் என் கதையைப் படித்தவனல்ல. இருவருக்கும் ஒரே ஆசை, அவ்வளவுதான். கதை சொல்வதை ஓர் இனத்தின் ரத்தத்தில் வைத்துவிட்டால் நமக்கு வேலை குறைகிறது. அவர்கள் சொல்வார்கள், நாம் கேட்போம். அவர்கள் திரிவார்கள், நாம் வீட்டில் இருப்போம்.

யோருபா சமூகத்தில் கதை இப்படி ஓர் இனத்தின் பொறுப்பில் இருந்ததில்லை. மாலி, செனகல் பக்கங்களில் பரம்பரைப் பாணர்கள் உண்டு. ஆப்பிரிக்கா என்றாலே அவர்களை நினைத்துக்கொள்வது வெளியார் வழக்கம். யோருபாக்களிலும் ஓயோ அரண்மனையில் வரலாறு ஓதும் அரோகின்கள் உண்டு. ஆனால் இரவில் சொல்லும் அலோ யாருக்கும் சொந்தம். அம்மா சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளை சொல்லலாம். நினைவாற்றலும் பிறப்பில் வருவதல்ல. இஃபா குறிசொல்லும் பாபலாவோ 256 ஓடுகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய செய்யுள்களையும் ஆண்டுக்கணக்கில் ஆசானிடம் இருந்து மனனம் செய்கிறான். இரண்டு புள்ளி கூடுதல் என்று எழுதும்போது அந்த ஆண்டுகள் காணாமல் போகின்றன.

ஊர் ஊராகத் திரிந்தவர்களும் நிஜம்தான். அலரின்ஜோ என்று பெயர், நடந்துகொண்டே ஆடுபவன். மூதாதையரின் முகமூடிச் சடங்கான எகுங்குனிலிருந்து பிரிந்து வந்த ஆட்டக்காரர்கள். பல குழுக்கள் குடும்ப வழியில் வந்தவை. 1826-இல் ஸ்காட்லாந்துக்காரரான கிளாப்பர்ட்டன் பழைய ஓயோவுக்குப் போனபோது அரசன் அவருக்கு இவர்களின் ஆட்டத்தைக் காட்டினான். சாக்குக்குள் புகுந்து ஆடினார்கள், மலைப்பாம்பு வந்தது. கடைசியில் வெள்ளைப் பிசாசு: மெலிந்து, குளிரில் விறைத்து, மூக்குப்பொடி போட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, வெறுங்காலில் நடக்கத் தெரியாமல் தடுமாறும் ஓர் உருவம். சனங்கள் சிரித்துவிட்டு, எப்படி என்று விருந்தாளியைப் பார்த்தார்கள். அவரும் ரசித்ததாகக் காட்டிக்கொண்டார்.

நாம் அவர்களைக் கற்பனை இனமாக்குவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் ஒரு கற்பனை இனத்தைப் படைத்துவிட்டார்கள். அதையும் அந்த இனத்தானின் எதிரிலேயே ஆடிக்காட்டி, அவன் முகத்தில் பதிலைத் தேடினார்கள். என் கதையில் வந்தவர்கள் ஒருபோதும் அதைப் படிக்கப்போவதில்லை என்ற நிச்சயத்தில்தான் நான் எழுதினேன். வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நடமாடும் கலை நான் இருந்த காலத்திலும் உயிரோடிருந்தது. போலீஸ் வேலையை விட்டு 1945-இல் நாடகக் குழு தொடங்கிய ஹூபர்ட் ஓகுண்டே அதை லாரிகளில் ஏற்றியவர். யோருபாவே யோசி என்று பொருள்படும் அவருடைய 'யோருபா ரோனு' நாடகத்துக்காக 1964-இல் மேற்கு வட்டார அரசு அவர் குழுவைத் தடை செய்தது. தடை நீங்க 1966-இல் இராணுவம் வர வேண்டியிருந்தது. மேசைக் கடிகாரத்தைக் கைக்கடிகாரமாகக் கட்டிக்கொண்டு மேடைக்கு வரும் பாபா சாலா என்ற மோசஸ் ஒலையாவின் ஆட்டத்தை நானே பார்த்தேன். சபையிலிருந்து யாராவது குறுக்கே பேசினால் அதற்கும் பதில் இருந்தது அவரிடம். 1982-இல் அவர் 'ஓருன் மூரு' என்று ஒரு படம் எடுத்தார். திருட்டு வீடியோப் பிரதிகள் பரவி, பெரும் நஷ்டத்தில் மூழ்கினார். ஊரே கேட்டது, யாரும் வாடகை கொடுக்கவில்லை.

இரவல் வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவல் இல்லாத கதை கிடையாது. கிழவியும் யாரிடமோ கேட்டதைத்தான் சொன்னார். அந்தக் கனவானிடம் எனக்கு இப்போது மரியாதை வந்திருக்கிறது. பெண்ணை ஏமாற்றியவன்தான். ஆனாலும் எந்த உறுப்பு யாருடையது என்பது அவனுக்குத் தெரியும். நின்று, திருப்பி, வாடகை கொடுத்து, மண்டை ஓடாகப் போகும் நேர்மை இருந்தது. நான் மண்டை ஓடாக மறுத்து, நாற்பது வருஷமாக அடுத்தவர் கை கால்களோடு நடமாடிக்கொண்டிருந்தேன்.

யோருபாக் கதைசொல்லி முடிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. நான் பொய் சொல்லியிருந்தால் என் வாயின் மணி ஒலிக்காமல் போகட்டும் என்று சொல்லி, வாயில் மூன்று முறை தட்டிக்கொள்ள வேண்டும். பொக், பொக், பொக் என்று சத்தம் வந்தால் கதை உண்மை. கிழவி இதைச் செய்யும்போது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

பேரன் பழைய கேஸட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தான். போன வாரம் இருவரும் கேட்டோம். குரல் தெளிவாகவே இருக்கிறது. ஆலோ என்ற அழைப்பு, பிள்ளைகளின் பதில், தூரத்தில் ஒரு ஆட்டின் சத்தம். "இதுல நீங்க எங்க தாத்தா?" என்றான். இல்லை என்றேன். "அந்தப் பாட்டி பேர் என்ன?"

அங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் மகனிடம் கேட்டிருக்கலாம். நாலு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு தாளை எடுத்து, பிறக்கும்போதே ஆயிரம் கதைகள் தெரியும் என்ற வரியை அடித்தான். மேசையில் யாராவது பதில் குரல் கொடுக்காவிட்டால் இவர்களால் பேச முடியாது என்று எழுதினான். விளையாட்டில் இது பெரிய பலவீனம், யாரும் இந்த இனத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று அவனே சொன்னான். பெயர் எழுதவேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.