பதின்மூன்றாம் அலைவரிசை

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். ஈய எழுத்துக்களைக் கோத்த காலம் தொட்டுக் கணினிக் காலம் வரையில் அச்சகத்தின் மாற்றங்கள் அனைத்தையும் அருகிருந்து கண்டவன். எனினும், எந்தக் கருவியையும் நானாகத் தொட்டுத் திருத்தியதில்லை. பழுதென்றால் ஆசிரியபீடத்தில் இருக்கும் ஓர் இளைஞனைக் கூப்பிடுவதே என் வழக்கம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மடுத் திருவிழா முடிந்து தலைமன்னாருக்குச் சென்றிருந்தபோது அந்த வழக்கம் முறிந்தது.

என் தாயாரின் தங்கை, எங்கள் சின்னம்மா, தலைமன்னாரில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. அவருடைய தம்பி, என் மாமா, 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது படகேறி இராமேஸ்வரம் சென்றவர். அன்று முதல் மண்டபம் முகாமே அவருக்கு ஊர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர் கடல்தான். 1914இல் தொடங்கிய கப்பல் சேவையில் மக்கள் காலையில் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு அக்கரை சேர்ந்த காலம் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. அக்காளும் தம்பியும் முப்பத்துமூன்று ஆண்டுகளாக நேரில் காணவில்லை. ஞாயிறு மாலைகளில் கைத்தொலைபேசித் திரையில் முகம் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவே.

நான் போன அன்று சின்னம்மாவின் முகம் வாடியிருந்தது.

"நாலு கிழமையா அவனைப் பாக்கேல்லை தம்பி. சுகமில்லையெண்டு சொன்னாங்கள். என்ர போனில வீட்டு வைஃபையே தெரியுதில்லை."

வீட்டில் மற்ற எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் அது தெரிந்தது. சின்னம்மாவின் கருவி பழுதென்று தங்கையின் மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டு, படிப்புக்காக வவுனியா போய்விட்டான். வீட்டுக்குள் தகரக் கூரையின் கீழ் கைத்தொலைபேசிச் சேவை மெலிந்துவிடும். கடற்கரைப் பக்கம் போனாலோ அக்கரைக் கோபுரத்தின் அலையைப் பிடித்துக்கொண்டு, கருவி தன்னை இந்தியாவில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். கட்டணமும் அதற்கேற்ப ஏறும். இது புதுமையன்று. எண்பதுகளில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உயரக் கம்பம் நட்டுத் தூரதர்ஷன் பார்த்தோம். அக்கரைக்காரர் எங்கள் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். அலைகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

மருமகனைத் தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டேன். "மாமா, 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில மட்டும் கை வைக்காதேங்கோ" என்றான். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன்.

செய்தியாளனுக்கு இருக்கக்கூடாத அவசரத்தில் ஐந்தாறு இலக்கங்களை ஒரே தடவையில் மாற்றினேன். வீடு முழுவதும் இணையம் போயிற்று. எதை மாற்றினேன் என்று குறித்தும் வைக்கவில்லை. இறுதியில் றூட்டரின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை நுழைத்து அழுத்தி, தொழிற்சாலை நிலைக்கே திருப்பினேன். அதன் பிறகு ஒரு கொப்பியை எடுத்து, ஒன்றை மாற்றுவது, பார்ப்பது, எழுதுவது என்று முறையாகத் தொடங்கினேன்.

திருப்பியவுடன் சின்னம்மாவின் கைத்தொலைபேசியில் வலையமைப்பு தெரிந்தது! காரணம் பின்னர் விளங்கிற்று. அது பழைய 2.4 கிகாஹேர்ட்ஸ் றூட்டர். அந்த அலைக்கற்றையில் 13 அலைவரிசைகளை எங்கள் நாட்டில் பயன்படுத்தலாம். அயலாரின் நெரிசலுக்கு ஒதுங்க, மருமகன் யாரும் இல்லாத 13ஆம் அலைவரிசையைத் தெரிந்திருந்தான். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் சின்னம்மாவின் கைத்தொலைபேசி கனடாவிலிருந்து மகள் அனுப்பியது. வட அமெரிக்காவுக்கென்று செய்யப்படும் பல கருவிகள் 11 வரைதான் செவிசாய்க்கும். பழுது சின்னம்மாவின் கருவியில் இல்லை. அது கேட்காத இடத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

வலையமைப்பு தெரிந்தாலும் அன்று மாலை மாமாவின் முகம் துண்டு துண்டாகவே வந்தது. தொழிற்சாலை நிலையில் றூட்டர் தானாகத் தெரிந்தெடுத்தது 8ஆம் அலைவரிசை. அயல்வீடுகள் 6இலும் 11இலும் இருந்தன. அலைவரிசைகள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 8இல் இருப்பவன் இரு பக்கத்தாரோடும் மோதுவான். ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுமே. 1க்கு மாற்றினேன். அகலம் 40 என்றிருந்ததை 20 ஆக்கினேன். சொல்லப்படும் வேகம் குறைந்தது, பேச்சு தெளிந்தது.

ஒலிபரப்பு வலுவை உச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். பயனில்லை. றூட்டர் எவ்வளவு உரத்துக் கூவினாலும், கைத்தொலைபேசியின் மெலிந்த குரல் திரும்பி வந்து சேர வேண்டுமல்லவா? பெரிய பயன் தந்தது எந்த இலக்கமும் அன்று. மீன் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் கிடந்த றூட்டரை எடுத்து, சின்னம்மாவின் கட்டிலுக்கு நேரே சுவரில் உயர்த்தி வைத்ததுதான்.

மற்ற இலக்கங்களைத் தொடவில்லை. 'பீக்கன்' இடைவெளி 100 என்றிருக்கும். றூட்டர் வினாடிக்குப் பத்துத் தடவையளவில் 'நான் இங்கிருக்கிறேன்' என்று அறிவிப்பது அது. ஆர்.டி.எஸ். எல்லை 2347 என்றிருந்தால் அந்த ஏற்பாடு செயற்படாது என்று பொருள். ஒன்றையொன்று கேட்க முடியாத பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசி மோதும் இடங்களில் அதைக் குறைத்துப் பார்க்கலாம். சிறு வீட்டுக்குத் தேவையில்லை. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை மட்டும் நிறுத்தினேன். 2011இலேயே அதன் இரகசிய எண்ணை உடைக்கும் வழி வெளிப்பட்டுவிட்டது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் மாற்றிக் கொப்பியில் எழுதிச் சின்னம்மாவிடம் கொடுத்தேன்.

அடுத்த நாள் மாலை மாமா முழுதாக வந்தார். மெலிந்திருந்தார். சின்னம்மா அவரிடம் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.

"ஓம் அக்கா. உங்க காத்து எப்படி?"

"இங்க சோளகம்."

"இங்கயும் அதேதான்."

ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே வந்து திண்ணையில் அமர்ந்தேன். 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடி தாங்காமல் பிள்ளைகளோடு படகேறிச் சென்றவர்கள் தனுஷ்கோடியருகே மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட செய்தியைப் படித்த நாளில், இந்தக் கடலைப் பற்றி எழுத என்னிடம் சொல் இருக்கவில்லை. அன்று மாலையும் இல்லை. உள்ளே சின்னம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

உங்கள் வீட்டு முதியவரின் கைத்தொலைபேசி பழுதென்று தீர்ப்புச் சொல்லுமுன், அன்பர்களே, றூட்டரின் அலைவரிசை எண்ணை ஒருமுறை பாருங்கள். மாற்றுவதாயின் முதலில் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.