‘டிஸ்க் போயிட்டு’ என்று நான் சொன்னது

என் கடை மேசையின் இழுப்பறையில் ஐந்து மாதம் ஒரு எஸ்எஸ்டியை ஒளித்து வைத்திருந்தேன். விரல் அகலமும் விரல் நீளமும்தான் இருக்கும். அது பழுதாகிவிட்டது என்று அதற்குச் சொந்தக்காரியிடம் சொல்லியிருந்தேன். பழுதாகவில்லை என்பது மறுநாள் இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 தை மாதம். பாளையங்கோட்டையில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். விண்டோஸ் உள்ளே போகாமல் புள்ளிகள் சுற்றுவதும், ‘தானாகச் சரிசெய்கிறேன்’ என்று காட்டுவதும், மறுபடி அணைந்து எழுவதுமாக இருந்தது. “புராஜெக்ட் படமெல்லாம் உள்ளதான் இருக்கு அண்ணாச்சி. அத எடுத்துட்டு ஓஎஸ் போட்டுக் குடுங்க” என்றாள்.

விண்டோஸ் 10 பென்டிரைவைச் செருகி பூட் செய்தேன். டிஸ்கின் பிரிவுகள் தெரிய வேண்டிய இடம் காலியாக இருந்தது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டுமானால் ‘லோட் டிரைவர்’ பொத்தானை அழுத்துங்கள் என்று திரையில் எழுதியிருந்தது. ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் அழுத்தி, டிஸ்க்பார்ட்டில் பட்டியலைக் கேட்டேன். என் பென்டிரைவ் மட்டும் வந்தது.

“டிஸ்க் போயிட்டும்மா. புதுசுதான் மாத்தணும்.”

“படம்?”

“ஒண்ணும் செய்ய முடியாது.”

இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு வருட அனுபவம் என்ற மிதப்புதான் காரணம். இந்த ‘டிரைவர் இல்லை’ என்ற பிழை எனக்குப் பழக்கமானது என்று நினைத்திருந்தேன். விண்டோஸ் 7 போட்ட காலத்தில், சிடியே இல்லாத லேப்டாப்பில் ‘சிடி, டிவிடி டிரைவர் இல்லை’ என்று வந்து நிற்கும். 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு யூஎஸ்பி 3.0 போர்ட்டைக் கையாளும் டிரைவர் கிடையாது. நீல நிற போர்ட்டிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கிக் கறுப்பு போர்ட்டில் செருகினால் பல லேப்டாப்களில் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் புது எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். அதுவும் தெரியவில்லை. புதிதாகப் பிரித்த டிஸ்கும் செத்திருக்குமா? அப்போதுதான் பயாஸைத் திறந்து பார்த்தேன். விண்டோஸுக்கு முன்பே எழும் அமைப்புத் திரை அது. புது டிஸ்கின் பெயரும் கொள்ளளவும் அங்கே தெளிவாக இருந்தன. பழையதைத் திரும்ப மாட்டினேன். அதன் பெயரும் இருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இன்டெலின் 11-ஆம் தலைமுறை பிராசசரோடு வந்த பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேரடியாக விண்டோஸுக்குத் தெரியாது. விஎம்டி என்ற கட்டுப்பாட்டு அமைப்பு இடையில் நிற்கிறது. அதோடு பேச இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டும். அது விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவில் இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து அதை இறக்கிக்கொள்ளலாம். இஎக்ஸ்இ கோப்பாக அப்படியே பென்டிரைவில் போட்டால் பயன் இல்லை. பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் கோப்பு உள்ள ஃபோல்டரை வைத்து, ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்ட வேண்டும். காட்டினேன். டிஸ்க் உடனே பட்டியலில் வந்து நின்றது.

திரை முதல் நாளே இதைத்தான் கேட்டது. டிரைவர் கொடு என்றது. டிரைவே செத்துவிட்டது என்று நான் படித்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய சாட்சி ஒன்றும் இருந்தது. அவள் கொண்டுவந்தபோது திரையில் சுற்றிய அந்தப் புள்ளிகள் பழைய டிஸ்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. செத்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் அந்த அளவுக்குக்கூட எழும்பாது. கண்ணால் பார்த்தும் யோசிக்கவில்லை.

இதுவரை நடந்தது அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு. அடுத்து நான் செய்தது வேறு.

விடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புது டிஸ்கிலேயே விண்டோஸைப் போட்டு, லேப்டாப்பைக் கையில் கொடுத்து, 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டேன். “பழைய டிஸ்க் எங்க அண்ணாச்சி?” என்று கேட்டாள். “அது வேஸ்ட்டும்மா” என்றேன். பெயர் கெட்டுவிடும் என்ற பயம். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு கல்லூரிப் பெண்ணிடம் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பங்குனியில் கீபோர்டு மாற்ற வந்தபோது அவளே சொன்னாள். குற்றாலம் பக்கம் கார்த்திகையில் எடுத்த செங்காந்தள் படங்கள் அதில் இருந்தனவாம். மற்ற செடிகளை மறுபடி போய் எடுத்துவிட்டாள். செங்காந்தளை எடுக்க முடியவில்லை. பூத்து முடிந்தால் கொடி காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும்தான் மிஞ்சும். அடுத்த மழைக்குத்தான் முளைக்கும். அந்தப் படங்கள் இல்லாமலே அறிக்கையைக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அவள் பேசிக்கொண்டிருந்த மேசையின் இழுப்பறையில்தான் அந்த டிஸ்க் கிடந்தது. அன்றும் நான் பேசவில்லை.

அவள் போன பிறகு டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு என் கணினியில் மாட்டினேன். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. முதன்முதலில் லேப்டாப்பைத் திறந்தபோது அவள் கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் அந்தச் சாவி இருக்கும். அவளுக்குத் தெரியாமல் படங்களை எடுத்து, “எப்படியோ மீட்டுட்டேன்” என்று கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அந்த வழியும் அடைந்தது. அவளிடம் சொல்லாமல் அதைத் திறக்க முடியாது.

அப்போதும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். ஆனியில் போன் செய்து வரச்சொன்னேன். டிஸ்கையும் 4,500 ரூபாயையும் மேசைமேல் வைத்து நடந்ததை முழுவதும் சொன்னேன். அவள் தன் கணக்கைத் திறந்து சாவியை வாசித்தாள், நான் தட்டினேன். எல்லாப் படமும் இருந்தது. செங்காந்தளைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். அறிக்கை கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நிறுவும் திரையில் டிஸ்க் தெரியாவிட்டால் முதலில் பயாஸைப் பாருங்கள். அங்கே பெயர் இருந்தால், டிரைவரைத் தேடாமல் டிஸ்கின்மேல் பழி போடாதீர்கள். விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும்தான். ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதன்பின் எழாமல் போகலாம், பிட்லாக்கர் சாவி கேட்கலாம். சொந்தக்காரரைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

லேப்டாப் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்க் போய்விட்டது என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், “பயாஸ்ல தெரியுதா?” என்று கேளுங்கள். மாற்றிய பழைய டிஸ்கைக் கடையில் விட்டுவராதீர்கள். அது உங்களுடையது.