பிணம் மூச்சு விட்டது

கதைகளைக் கண்டு பயப்படுகிற வயதைத் தாண்டிவிட்டதாக, 46 வயது வரையில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, என் மனைவியுடன் வீட்டிலே உட்கார்ந்து 'ஸைக்கோ' என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். அந்த நம்பிக்கை போயிற்று. மறுநாள் காலையில் ஸ்நான அறைக் கதவை நான் தாளிடவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

1960-ஆம் வருஷத்தில் வெளிவந்த இந்தப் படத்தை ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் படம் என்றே உலகம் சொல்லுகிறது. ராபர்ட் பிளாக் எழுதிய நாவலுக்குத் திரைக்கதை அமைத்தவர் ஜோஸப் ஸ்டெபானோ. பாரமௌண்ட் கம்பெனிக்குக் கதை ரசிக்கவில்லை. ஹிட்ச்காக் விடவில்லை, கைப்பணத்தைப் போட்டு, தம் டெலிவிஷன் தொடரில் வேலை செய்த ஆட்களையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு, சுமார் 8 லட்சம் டாலரில் படத்தை முடித்தார்.

கதாநாயகி ஜானட் லீ, படம் பாதியை எட்டுமுன்பே ஸ்நான அறையில் கொலையுண்டு போகிறாள். ஒரு நிமிஷமும் நீடிக்காத அந்தக் கொலையைப் படம் பிடிக்க ஏழு நாள் ஆயிற்று. ரத்தம் என்று நாம் நடுங்குவது சாக்லேட் பாகு. கத்தி பாயும் ஓசை, முலாம்பழத்தைக் குத்திப் பிடித்தது!

அந்தக் காட்சிக்குச் சங்கீதமே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் எண்ணம். பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி, தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு கிறீச்சிடும் ஓர் இசையை அமைத்துக் காட்டினார். கேட்டதும் டைரக்டர் தம் பிடிவாதத்தை விட்டார். நானும் பரீக்ஷை செய்து பார்த்தேன். ஒலியை அடக்கிவிட்டு அதே காட்சியை மறுபடி ஓடவிட்டேன். கத்தி இருந்தது, பயத்தைத்தான் காணோம்.

இவர்கள் பெயரெல்லாம் திரையில் வருகின்றன. வராத பெயர் ஒன்று உண்டு. படம் முடிந்து போட்டுப் பார்த்தபோது, "இதை வெளியே அனுப்ப முடியாது" என்றாராம் ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா. செத்துக் கிடந்த ஜானட் லீயிடம் உயிர் இருந்தது! மூச்சு விட்டாள் என்பார் சிலர். எச்சில் விழுங்கினாள் என்பார் சிலர். அத்தனை நிபுணர்களின் கண்ணுக்கும் தப்பியது அந்த அம்மாளுக்குத் தப்பவில்லை. உடனே அந்த இடம் வெட்டித் திருத்தப்பட்டது.

இதை என் மனைவியிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். எனக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முந்திய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில், முதல் காட்சியிலேயே கண்ணை இழந்த கிழவர் மூன்றாம் காட்சியில் மகனுடைய கடிதத்தைப் படித்துக் கண்ணீர் விடுவார். அரங்கேற்றத்துக்கு முதல் நாள் இரவு, "கண் எப்போது திரும்பி வந்தது?" என்று கேட்டவள் இவள்தான். கடிதத்தைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். எல்லோரும் அழுதது அந்த இடத்தில்தான். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டவன் நான். இவள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

1979-இல் ஹாலிவுட்டில் ஹிட்ச்காக்குக்குப் பெரிய விருது அளித்தார்கள். நான்கு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார்: படத்தொகுப்பாளர் ஒருவர், திரைக்கதையாசிரியர் ஒருவர், தம் மகளின் தாயார், அருமையான சமையற்காரி ஒருத்தி. நால்வருக்கும் பெயர் ஆல்மா.

"அப்போது அவருக்கு என்ன வயது?" என்றாள் என் மனைவி.

"79" என்றேன்.

"உங்களுக்கு இன்னும் 33 வருஷம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பாலுக்கு உறை ஊற்ற எழுந்து போனாள்.