கொடைக்கானலில் ஒரு மொட்டை!

பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கொடைக்கானலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டவன் நான். அதுவும் 'அழைப்பின் பேரில் மட்டும்'!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

"டேய், நம்ம பயலை செலக்ட் பண்ணிட்டாங்கடா!"

"எதுக்குக்கா?"

"தலைவர் ஆகறதுக்கு!"

எந்தக் கட்சி என்று கேட்க வாய் வந்துவிட்டது. அக்காவின் குரலில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். வாட்ஸ்-அப்பில் வந்த கடிதத்தைத் திறந்தேன். தங்க நிறத்தில் ஒரு சிங்கம், பூமி உருண்டைமேல் கால் வைத்துக்கொண்டு நின்றது. 'தங்கள் மகனின் அபாரமான தலைமைப் பண்பை அறிந்து...' என்று ஆரம்பம். எனக்குத் தெரிந்து பயல் தலைமை தாங்கியது தெருக் கிரிக்கெட்டில் ஒரே ஒரு தடவை. அதுவும் பேட் அவனுடையது என்பதால்!

உலக இளம் தலைவர்கள் மாநாடாம். மூன்று நாள், கொடைக்கானலில். கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கட்டணம் 24,500 ரூபாய். இதில் தேறினால் அடுத்த கட்டம் சிங்கப்பூர். அதற்கு 1,85,000. ஏழு நாளைக்குள் கட்டாவிட்டால் 'இடம் வேறொரு தலைவருக்குப் போய்விடும்'.

"ஏன்க்கா, உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல போய் நின்னா 'கொடைக்கானல், கொடைக்கானல்'னு கண்டக்டரே கூவிக் கூவிக் கூப்பிடுவாரே! அதே மலைக்குப் போறதுக்கு 24,500 ரூபாயா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"நீ மட்டும் போகலாம், எம் மகன் போகக் கூடாதா?"

சுருக்கென்றது. ஏனென்றால், நான் போயிருக்கிறேன்.

1999. காலேஜில் இரண்டாம் வருஷம். யாரோ கோட்டுப் போட்ட ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். முடிவில் ஒரு சீட்டைக் கொடுத்துப் பெயர், விலாசம் எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வழுவழு கவரில் லெட்டர் வந்துவிட்டது. நான் பொறுக்கி எடுக்கப்பட்ட இளம் தலைவனாம்! கட்டணம் 3,200 ரூபாய். அன்றைக்கு அந்தக் காசுக்குக் கிட்டத்தட்ட ஒரு பவுன் வரும்.

அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். இங்கிலீஷ் லெட்டரை மூன்று தடவை படித்தார். 'லீடர்' என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. போதாதா? பீரோவிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். அந்தப் பணம் அக்கா பி.எட். சேருவதற்காக எடுத்து வைத்திருந்தது. "அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்மா" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் எங்கள் வகுப்புக்காரன். ஒன்பது அரியர் வைத்திருந்த மகாத்மா!

"உன்னையுமா செலக்ட் பண்ணாங்க?"

"சீட்டு எழுதினவன் எல்லாரும் செலக்ட்தான் மாப்ளே. எழுத மறந்தவன் ஒருத்தன் நேத்துப் போய்ப் பணம் கட்டினான். அவனும் செலக்ட்!"

பெருமாள்மலை வருவதற்குள் என் தலைமைப் பண்பு பாதி இறங்கிவிட்டது.

மூன்று நாளும் லாட்ஜ் ஹாலில் உட்கார வைத்து, "நான் ஒரு சிங்கம்!" என்று கத்தச் சொன்னார்கள். கொடைக்கானல் குளிரில் நாற்பது சிங்கங்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்கக் கர்ஜித்தோம். நடுவில் ஏரியில் படகு. தூண்பாறையில் மூடுபனி, தூணும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. கடைசி நாள் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் வாங்க இரண்டு மணி நேரம். அப்புறம் சர்டிபிகேட்.

சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று ஒரு பையன் கேட்டான். "டைம் இல்லை" என்றுவிட்டார்கள். பல வருஷம் கழித்து நானே அங்கே போனேன். 1899-ல் ஆரம்பித்த இடம். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் என்பவர் கண்டுபிடித்தது இங்கேதான். 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேகம் இல்லாத காலையில் யாரோ ஒருவர் எழுந்து போய் எடுத்த படங்கள். நூறு வருஷத்துக்கு மேலான அந்த வேலையை எங்களுக்கு யாராவது காட்டியிருந்தால் 3,200 ரூபாயில் பாதியாவது செரித்திருக்கும்.

சரி, வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அப்பா, "எப்படிடா இருந்துச்சு?" என்றார். பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்வது?

"சூப்பர்ப்பா! லைஃபே மாறிடுச்சு" என்றேன்.

அப்பா சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வத்தலக்குண்டு வீட்டில் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் அது இன்னும் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் அக்கா இப்போது நகைக்கடன் வாங்கக் கிளம்பியிருக்கிறாள்!

அடுத்த ஞாயிறு மதுரையிலிருந்து பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் யோசனை. என் ஆபீஸில் இண்டர்வியூ நடக்கும்போது மேஜைக்கு இந்தப் பக்கம் என்னையும் உட்கார வைக்கிறார்கள். பத்து பயோடேட்டாவில் மூன்றிலாவது 'இளம் தலைவர்', 'உலகத் தூதர்' என்று ஏதாவது இருக்கும். "அங்கே என்னப்பா பண்ணினே?" என்று கேட்டால், "பார்ட்டிசிபேட் பண்ணினேன் சார்" என்பான். அதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு பையன் மட்டும், "அஞ்சு வருஷமா தைப்பூசத்துக்கு எங்க தெருவிலேருந்து பழனிக்குப் பாதயாத்திரை போற அறுபது பேருக்குச் சாப்பாட்டுக் கணக்கு நான்தான் சார்" என்றான். எத்தனை படி அரிசி, எந்த ஊரில் ராத் தங்கல், காலில் கொப்புளம் வந்த பாட்டியை யார் வண்டியில் ஏற்றியது, கடைசியில் மிச்சம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தான்... பத்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னான். அவனுக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை. வேலை அவனுக்குத்தான்.

அக்கா காபி கொடுத்தாள். மகன் எதிரில் உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்க்காமல், 1999-ஐ ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சீட்டு, அரியர் மகாத்மா, நாற்பது சிங்கம், எல்லாம். பயல் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"ஒண்ணுமே பிரயோஜனம் இல்லையா?" என்றாள்.

பொய் சொல்லக் கூடாது என்றுதானே வந்திருக்கிறேன்? "இருந்துச்சுக்கா. மைக் முன்னாடி நிக்கற பயம் கொஞ்சம் போச்சு. ஒரு ஃப்ரெண்டு கிடைச்சான். ஆனா, அது 3,200 ரூபா சமாசாரம் இல்லை. டூர்னு சொல்லி வித்திருந்தா தப்பே இல்லை. வசதி இருக்கறவன் போயிட்டு வரட்டும். பரிசுன்னு சொல்லி வித்தாங்க பாரு, அதுதான்."

இது இங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லை. சாதாரண ஜனங்கள் நாடு விட்டு நாடு போய்ப் பழகட்டும் என்று 1956-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவர் 'பீப்பிள் டு பீப்பிள்' என்று ஒன்றை ஆரம்பித்தார். பிற்பாடு அந்தப் பெயரில் ஒரு கம்பெனி, பள்ளிப் பிள்ளைகளை 'மாணவத் தூதர்' என்று அழைத்து, ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு வெளிநாடு கூட்டிப் போனது. 2015-ல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. நம் ஊரில் 'நாசா டூர்'. ஃப்ளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்கு டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் போகலாம். நாம் இங்கே 'நாசா அழைத்தது' என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிடுகிறோம்!

மருமகனிடம் சொன்னேன்: "இந்த மாதிரி லெட்டர் வந்தா மூணு கேள்வி கேளு. என் பேரை யார் சொன்னது? வேணாம்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க? காசு யாருது? நிஜமாவே உன்னைப் பொறுக்கி எடுத்தவன் அவன் காசைப் போடுவான். உன்கிட்ட பில் நீட்டறவன் வியாபாரி."

"அப்படிக் காசு போட்டுக் கூப்பிடறவங்க இருக்காங்களா மாமா?"

இருக்கிறார்களே! இஸ்ரோ 2019-ல் 'யுவிகா' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. எட்டாம் வகுப்பு மார்க், போட்டிகள் என்று பார்த்து எடுக்கிறார்கள். கிராமத்துப் பள்ளிக்குத் தனியாக மார்க் உண்டு. போக்குவரத்து, சாப்பாடு, தங்கல் எல்லாம் இஸ்ரோ செலவு. 'ரைலா' என்று ரோட்டரிக்காரர்கள் நடத்தும் இளைஞர் முகாம் இருக்கிறது. அனுப்புகிற சங்கமே செலவைப் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். என்.சி.சி. 1948-லிருந்து இருக்கிறது. மழையில் நிற்கவும் இன்னொருவன் ஷூவுக்குக் கயிறு கட்டவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். காசு வேண்டாம், வியர்வை வேண்டும்.

பயல் உள்ளே போய் எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேட ஆரம்பித்தான்.

அக்கா தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றக் கை நீட்டினேன்.

"அதை எடுக்காதே. அது அப்பா மாட்டினது" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "ஆனா ஒண்ணு. இதை நீ அன்னிக்கே சொல்லியிருந்தேன்னா, அடுத்த வருஷம் நான் அப்பாகிட்டே கண்டிப்பாக் கேட்டிருப்பேன்டா."

மைக் முன்னால் நிற்கிற பயம்தான் போயிருக்கிறது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்த முகாமில் சொல்லித் தரவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பழனி பஸ் நின்றது. மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு குடும்பமே இறங்கியது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. என்னைப் பார்த்து அந்த வீட்டுக் குழந்தை சிரித்தது. நானும் என் தலையைத் தடவிக்கொண்டேன்.