உருமி பிரிக்கும் வரிசை

வேடசந்தூர்ப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால் முருங்கைத் தோட்டம், சோளத்தட்டைப் படப்பு, மானாவாரிக் காடு என்று சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். ராஜகம்பளத்து நாயக்கர்களின் மாலை தாண்டும் விழாவுக்குப் போயிருந்தேன். மாடுகள் ஓடிவந்து எல்லைக்கோட்டைத் தாண்டும். முந்தி வந்த மாட்டுக்கு எலுமிச்சம்பழமும் மஞ்சள்பொடியும் பரிசு. கூட்டம் அதற்காகக் காத்திருந்தது. நான் தேவராட்டத்துக்காகப் போனவன்.

பாட்டு இல்லாத ஆட்டம் இது. உருமிதான் எல்லாம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கத் தேய்க்க அடித்தொண்டை முனகல் எழும்புகிறது. மறுமுகத்தில் அடி விழுகிறது. வெள்ளை வேட்டி, தலைப்பாகை, காலில் சலங்கை, இரு கைகளிலும் துணி. முன்னால் ஆடுபவர் அடவை மாற்றியதும் அந்த மாற்றம் வரிசையின் கடைசி ஆள் வரை ஓடுகிறது. ஒரே வரிசை இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கிறது. குனிந்து துணியை வீசி நிமிர்வதற்குள் வட்டமாகிவிடுகிறது.

கடைசியில் நின்ற சிறுவனையே வெகுநேரம் பார்த்தேன். அவன் துணி அரைத்தாளம் பிந்தியது. பக்கத்தில் ஆடியவர் திரும்பிப் பார்க்கவில்லை, அதட்டவுமில்லை. அடவு மாறப்போகும் நேரத்தில் தன் மணிக்கட்டைச் சற்று முன்னதாகவே உயர்த்தினார். அதைப் பிடித்துக்கொண்டு பையனும் சேர்ந்துவிட்டான். தனியாள் சாகசம் இந்த ஆட்டத்தில் எடுபடாது. பங்காளிகள் தோளோடு தோள் நிற்பதுதான் இதன் அழகு, அர்த்தமும் அதுதான். கல்யாணத்துக்கும் இதே ஆட்டம், சாவுக்கும் இதே ஆட்டம்.

வடகிழக்குச் சீனாவின் யாங்கே ஆட்டத்திலும் கைத்துணி உண்டு. அங்கே அதை விரல்நுனியில் பூப்போலச் சுழற்றுவார்கள். புத்தாண்டையொட்டித் தெருவில் ஆடிப்போகும் கூட்டம் போடும் வடிவங்களுக்குப் பெயர்களும் இருக்கின்றன: டிராகன் வாலை ஆட்டுவது ஒன்று, முட்டைக்கோஸ் குருத்தாகச் சுருண்டு மறுபடி விரிவது இன்னொன்று. நெல் நடவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆட்டம் அது. வயலும் தோட்டமும் ஆடுகிறவர்களின் காலுக்குள் புகுந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வேடசந்தூருக்குப் பக்கத்துத் திண்டுக்கல் நகரம் வரிசைக்கு வேறோர் அர்த்தத்தையும் கொடுத்திருக்கிறது. இங்குள்ள சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே அடவு போட்டு வரிசை மாறுகிறார்கள். சாவு மேளம் என்று இழித்துப் பேசப்பட்ட கருவி. ஆண்கள் மட்டுமே வாசித்துவந்தது. கை அடிக்கிறது, கால் வட்டம் போடுகிறது, தலை நிமிர்ந்தே இருக்கிறது. யார் வரிசையில் நிற்கலாம் என்ற பழைய கணக்கை இந்தப் பெண்கள் உடைத்திருக்கிறார்கள். தேவராட்டம் பரம்பரையாக ஆண்களின் ஆட்டம். கல்லூரி மேடைகளில் மாணவிகள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஊர் மந்தையிலும் அவர்கள் ஆட வேண்டும், அதே உருமிக்கு, அதே வரிசையில்.