தொடாத கை

விரல்களுக்கும் இமைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்திருக்கும். பந்தைத் தலைக்கு மேல் தூக்கி ஷூட்டுக்கு எழும்பிய பையனின் முகத்துக்கு நேரே, தடுக்க வந்தவன் உள்ளங்கையை விரித்துக் கொண்டுபோய் நிறுத்தினான். தொடவில்லை. பந்து கையை விட்டுப் போய், வளையத்தின் முன்விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. அதற்குப் பிறகுதான் விசில் கேட்டது. நடுவர் ஒரு உள்ளங்கையைப் படுக்கையாக வைத்து, அதன்கீழ் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி ‘டி’ காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல்.

“தொடவே இல்லையே சார்!” என்று தடுத்தவன் கத்தினான். பெஞ்சிலிருந்து எழுந்த பயிற்சியாளரும் அதையேதான் கேட்டார், சுற்றி நின்ற ஊர்ச் சனமும் அதையேதான் கேட்டது. ஸ்கோரர் மேஜைக்குப் போகிற வழியில் நடுவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: “தொட்டிருந்தா சாதா ஃபவுலுங்க. தொடாம மறைச்சதாலதான் டெக்னிக்கல்.” மேஜையில் இருந்த பெண் ஸ்கோர்ஷீட்டில் தடுத்த பையனின் எண்ணுக்கு நேரே ‘டி1’ என்று எழுதினாள். டெக்னிக்கல் ஒன்று, அதற்கு ஃப்ரீ த்ரோ ஒன்று.

கூடைப்பந்து நடுவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றே நான் அந்தப் போட்டிக்குப் போயிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டும். போட்டி நடந்தது அந்தச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஓர் ஊரில். மே மாதமாதலால் ஐந்து ஆறுகளிலும் மணல்தான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் இந்தப் பையன்களில் பலர் வீட்டு வயலுக்குப் போயாக வேண்டும். டெல்டாக் கிராமங்களில் ஆட்டத்துக்கு வாய்த்த காலம் இந்தக் கோடைதான்.

மைதானம் என்பது ஊருக்குப் பொதுவான சிமெண்ட் தரை. அறுவடைக் காலத்தில் களமாகிவிடும். நான் போவதற்குச் சில நாள் முன்புவரை உளுந்து காயப் போட்டிருந்தார்களாம். ஆட்டம் தொடங்கும் முன் மூத்த நடுவர் குனிந்தபடியே தரை முழுக்க நடந்தார். ஃப்ரீ த்ரோ கோட்டருகே சிமெண்ட் விரிசலில் ஒதுங்கியிருந்த உளுந்தை விரலால் நோண்டி எடுத்து என் கையில் போட்டார். ஓடிவந்து காலை ஊன்றும் பையனின் ஷூவுக்கு அடியில் ஒரு மணி அகப்பட்டாலும் முட்டி போய்விடும் என்றார். துடைப்பம் வரவழைத்து அவரே பெருக்கினார்.

நடுவர்கள் இருவர். மூத்தவர் மன்னார்குடிப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர். இளையவர் கும்பகோணத்திலிருந்து வந்த பெண். கல்லூரி அணிக்கு ஆடியவர், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார், நடுவர் தேர்வும் எழுதித் தேறியவர். இருவருக்கும் சாம்பல் நிறச் சட்டை, கறுப்பு பேண்ட், கறுப்பு ஷூ. சர்வதேச ஆட்டங்களில் இந்த வேலையை மூன்று பேர் பார்க்கிறார்கள். இங்கே இரண்டு பேர்தான். ஒருவர் கூடைக்கு அடியில் எண்டு லைனுக்கு வெளியே நிற்பார், அவர் லீட். இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால் வருவார், அவர் டிரெயில். பந்து மறுபக்கம் திரும்பியதும் டிரெயில் லீட் ஆகிவிடுவார். பத்துப் பேரின் இருபது கைகளையும் இந்த இரண்டு பேர் பார்த்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் விசில் ஊதுகிறவர்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் நிறையப் பேர். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நாய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். ஆட்டமும் அதைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரும் சேர்ந்தே நம் ஊருக்கு வந்தார்கள்.

நாய்ஸ்மித் முதலில் எழுதியவை 13 விதிகள். தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, இடறிவிடக் கூடாது, அடிக்கக் கூடாது என்று ஐந்தாவது விதி சொன்னது. எல்லாம் உடம்பில் படுகிற குற்றங்கள். கண்ணை மறைப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இன்னொன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்பயர் ஆட்களைப் பார்க்க வேண்டும், ரெஃப்ரி பந்தைப் பார்க்க வேண்டும் என்று வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார். கண்மறைப்பில் அந்த இரண்டு வேலையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது என்பதை அன்று மாலைதான் நான் விளங்கிக்கொண்டேன்.

இந்தியாவில் நாம் ஆடுவது சர்வதேச சம்மேளனமான ஃபிபாவின் விதிகளின்படி. எதிராளியின் கண்ணுக்கு அருகே கையை ஆட்டியோ வைத்தோ பார்வையை மறைத்தால் அது டெக்னிக்கல் ஃபவுல். ஷூட் செய்யும்போது இது நடந்தால் இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. பந்து கூடைக்குள் விழுந்துவிட்டால் ஷூட் செய்தவருக்கு நஷ்டமில்லை. புள்ளி உண்டு, மறைத்தவருக்கும் அவர் பயிற்சியாளருக்கும் எச்சரிக்கை போகும். அதே அணி ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருந்தால் டெக்னிக்கல். விழாமல் போனால் எச்சரிக்கை கிடையாது, நேரே டெக்னிக்கல். ஆகவே கை முகத்துக்குப் போனதைப் பார்த்த நொடியில் ஊதிவிட முடியாது. கையையும் மனதில் இருத்திக்கொண்டு பந்தின் கதி தெரியும்வரை காத்திருக்க வேண்டும். “விசில் வாயில இருக்கும், மூச்சு நெஞ்சுல நிக்கும்” என்றார் மூத்தவர். புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்த ஒரு நொடியில்தான் என்றும் சொன்னார்.

இடைவேளையில் டீ வந்தது. நான் தொணதொணத்துக் கேட்டதில், சொல்லி விளங்காது என்று எண்ணினாரோ என்னவோ, மூத்தவர் பந்தை என் கையில் கொடுத்துக் கூடையைப் பார்த்து நிற்கச் சொன்னார். எதிரே நின்று கையை உயர்த்தினார். நான் பந்தை வலப்பக்கம் கொண்டுபோனேன், அவர் கையும் வலப்பக்கம் வந்தது. மேலே தூக்கினேன், கையும் மேலே போனது. வளையம் விரல்களுக்கு இடையில் மறைந்து மறைந்து தெரிந்தது. “இதுல தப்பே இல்ல. என் கை பந்தைத் தேடுது. நடுவுல உங்க கண்ணு மாட்டுது, அவ்வளவுதான்.” பிறகு மறுபடியும் தூக்கச் சொன்னார். இந்த முறை நான் பந்தை எங்கே கொண்டுபோனாலும் அவர் உள்ளங்கை என் முகத்தை விட்டு நகரவில்லை. தலையைச் சாய்த்தேன், கையும் சாய்ந்தது. வளையம் போயிற்று, போர்டும் போயிற்று. அவருடைய ரேகைகள் மட்டும் கலங்கலாகத் தெரிந்தன. என் கண் தானாகவே மூடிக்கொள்ளப் பார்த்தது.

“பந்து நகர்ந்தா கை நகருதா, மூஞ்சி நகர்ந்தா கை நகருதா? இதைத்தான் சார் நாங்க பார்க்கிறோம். தடுக்கிறவன் கண்ணையும் பார்ப்போம். பந்தைப் பார்க்காம எதிராளி மூஞ்சியையே பார்த்துக்கிட்டு கையை நீட்டினா விஷயம் வேற.”

எளிதாகத்தான் கேட்கிறது. ஆனால் குட்டையான பையன் ஷூட் செய்ய, நெட்டையானவன் கையை உயர்த்தினால் அது இயல்பாகவே முகத்துக்கு எதிரில் வந்துவிடுகிறது. அவன் உயரத்துக்கு அவனைத் தண்டிக்க முடியுமா? தன் இடத்துக்கு நேர்மேலே கையைத் தூக்கவும் எகிறவும் தடுப்பவனுக்கு விதியே உரிமை தந்திருக்கிறது. போதாததற்கு, உலகம் பூராவும் பயிற்சியாளர்கள் “கையை முகத்துக்குக் கொண்டுபோ” என்றுதான் கத்துகிறார்கள். அன்றும் இரண்டு பெஞ்சிலிருந்தும் அந்தக் குரல் ஓயாமல் வந்தது. அவர்கள் சொல்ல வருவது, நெருங்கிப் போய்க் கையை உயர்த்து என்பதைத்தான். பதினாறு வயதுப் பையன் அதைச் சொன்னபடியே செய்துவிடுகிறான். என்னைக் கேட்டால், இங்கே பாதிப் பழி பெஞ்சைச் சேர்ந்தது.

மீதியைச் செல்போன் பார்த்துக்கொள்கிறது. பையன்கள் பார்ப்பதெல்லாம் என்.பி.ஏ. துண்டுக் காட்சிகள். அங்கே விதி வேறு. பந்து கையில் இல்லாத வீரரின் கண்ணைப் பின்னாலிருந்து மறைத்தால்தான் அங்கே டெக்னிக்கல். ஷூட் செய்கிறவரின் முகத்துக்கு எதிரே கையை நீட்ட அந்த விதியில் தடையில்லை. 2009-ல் ஹூஸ்டன் அணிக்கு ஆடிய ஷேன் பேட்டியர், கோபி பிரையன்ட் எகிறும்போதெல்லாம் அவர் முகத்தை உள்ளங்கையால் மூடப் பார்த்தது பேர்போன தடுப்பாட்டம். அதே அமெரிக்காவில் பள்ளிக்கூட ஆட்டங்களில் இப்படிச் செய்தால் டெக்னிக்கல். எந்த விதிப்படி ஆடிய ஆட்டம் என்று அந்த அரை நிமிடக் காட்சியில் எழுதியிருப்பதில்லை. பார்த்துப் பழகிவிட்டு வரும் பையனிடம் “இங்க இது கூடாது தம்பி” என்று சொல்கிற வேலை, களத்துமேட்டில் விசிலோடு நிற்கிற இந்த இருவருக்கு வந்து சேர்கிறது.

இளைய நடுவர் என் கவனத்தை வேறொரு பக்கம் திருப்பினார். ஸ்கிரீன் போடும்போதும், அதாவது எதிராளி நகரும் வழியில் போய் நின்று மறிக்கும்போதும், பார்வைதான் கணக்கு என்றார். நின்றுகொண்டிருக்கும் எதிராளியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்னாலோ பக்கத்திலோ ஸ்கிரீன் போட்டால், உரசாத அளவுக்கு எவ்வளவு நெருங்கியும் நிற்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் போட்டால் அவன் ஒரு அடி எடுத்து வைக்க இடம் விட்டுத்தான் நிற்க வேண்டும். விதிப் புத்தகத்தில் இது இரண்டு மூன்று வரி. ஆனால் அதைச் செயல்படுத்த ஒவ்வொரு பையனுக்கும் அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நடுவர் அறிந்திருக்க வேண்டும். “நான் என்ன பார்க்கிறேங்கிறதோட முடியலைங்க. அவன் என்ன பார்த்திருப்பான்னும் பார்க்கணும்” என்றார். இவ்வளவு நுட்பமான வேலையை நாம் “ரெஃப்ரி சரியில்லப்பா” என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

இதற்குக் கிடைக்கும் பணத்தில் பஸ் கட்டணமும் சாப்பாடும் போனால் பெரிதாக மிஞ்சுவதில்லை. விடுமுறை நாட்களை இதற்குக் கொடுக்கிறார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஓடியாக வேண்டும் என்பதால், அவரவர் ஊரில் விடியற்காலை ஓட்டமும் உண்டு. ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். “ஆடின கோர்ட்டை விட்டுப் போக மனசு வரலைங்க” என்றார் இளையவர். மூத்தவர் பதிலே சொல்லவில்லை. ஷூ கயிற்றை முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

இந்தக் கோர்ட் கிழக்கு மேற்காகப் போட்டது. மாலை நாலரை மணிக்கு மேற்குக் கூடையைப் பார்த்து ஷூட் செய்கிறவன் சூரியனைப் பார்த்துத்தான் ஷூட் செய்ய வேண்டும். இரண்டாம் பாதியில் அணிகள் கூடை மாறுவதால் ஆளுக்குப் பாதி என்று ஒருவாறு சரியாகிவிடும், நடுவருக்குத்தான் மாற்று கிடையாது. அதனால் அரையிறுதியை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இவர்களே கேட்டு வாங்கியிருந்தார்கள். விளக்கு போட்டதும் வயல்காட்டுப் பூச்சிகள் வந்து மொய்த்தன. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்த அரையிறுதியின் கடைசிக் கால்பகுதியில், இரண்டு புள்ளி வித்தியாசம் இருக்கும்போது, வலது மூலையிலிருந்து ஒரு பையன் மூன்று புள்ளிக்கு எகிறினான். தவறிப் போயிற்று. இறங்கியவன் லீட் இடத்தில் நின்ற பெண் நடுவரிடம் ஓடினான். “மேடம், கண்ண மறைச்சுட்டான் மேடம்!” அவர் ஊதவில்லை. ஆட்டம் மறுபக்கம் ஓடியது. அந்த அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி போட்ட இடத்தில், ஸ்கோரர் மேஜைப் பெண் செல்போனில் எடுத்திருந்ததை இருவரும் பார்த்தார்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த காட்சி. பந்து மேலே போகிறது, தடுத்தவனின் கை போகவில்லை, முகத்துக்கு எதிரே நின்றுவிடுகிறது. மூத்தவர் இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

“இது டெக்னிக்கல்தாம்மா.”

“இதுல தெரியுது சார். எனக்கு அவன் முதுகுதான் தெரிஞ்சுது. கையும் மூஞ்சியும் ஒண்ணு மேல ஒண்ணு. நடுவுல ஒரு சாணா, ஒரு முழமான்னு தெரியல. பார்க்காததை எப்படி ஊதறது?”

“ஊதக் கூடாது. சரிதான். ஆனா மூலைப் பக்கமா ரெண்டு அடி தள்ளிப் போயிருந்தா இடைவெளி தெரிஞ்சிருக்கும்ல?”

“எங்க சார் போறது? கோட்டுலயே நாற்காலி.”

மூத்தவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எண்டு லைனை ஒட்டியே பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. ஃபிபா விதிப்படி கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்கு எதுவுமே இருக்கக் கூடாது. நடுவர் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு உடம்புக்கு நடுவே இருக்கும் சந்தைப் பார்ப்பதற்கான இடமும் அதுதான். அந்த இடத்தில் அன்று சனம் உட்கார்ந்திருந்தது. பையனின் கண்ணை ஒரு கை மறைத்தபோது நடுவரின் கண்ணை நாற்காலிகள் மறைத்துவிட்டன.

சாப்பிட்ட கையோடு இருவரும் போட்டியை நடத்திய விழாக் குழுவினரிடம் போனார்கள். முன்வரிசை நன்கொடை கொடுத்தவர்களுக்கு என்று அவர்கள் தயங்கினார்கள். “அவங்களுக்கு மேடைப் பக்கம் போட்டுடுங்கண்ணே. எண்டு லைன் ரெண்டும் எங்களுக்கு வேணும்” என்றார் இளையவர். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒருவர் டேப்பும் சுண்ணாம்புத் தூளும் கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் 2 மீட்டர் அளந்து கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளையும் கூப்பிட்டு, கை எதுவரை போகலாம், எங்கே கூடாது என்று பையன்கள் முன்னாலேயே செய்து காட்டுவது என்றும் பேசிக்கொண்டார்கள். தடுக்கிறவனாக மூத்தவர், ஷூட் செய்கிறவராக இளையவர். பயிற்சியாளர்களும் கட்டாயம் நிற்க வேண்டும் என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள்.