சித்தப்பா கமிட்டிக்குப் போகிறார்

எங்க பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கமிட்டி. இந்த ரெண்டு வார்த்தையும் தெரிஞ்சிக்கிட்டு மேல படிங்க.

சித்தப்பாவுக்கு மயிலம் பக்கத்துல ஒன்றரை ஏக்கர். நுங்கு வெட்டப் பனைமரம் ஏறி விழுந்து ஒன்பது வருசம் ஆச்சு. முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அதுக்காக விவசாயத்தை விட்டுடலை. வீட்டு வாசல்ல வீல்சேர்ல உட்கார்ந்தபடி விதைப்பருப்பு பொறுக்குறது, ஆளுக்குச் சொல்லி அனுப்புறது, கூலிக் கணக்கு எல்லாம் அவர்தான். வயல்ல மட்டும் சக்கர நாற்காலி போகாது. முன்னாடி இருக்கிற குட்டிச் சக்கரம் ஈரமண்ணுல ஒரு சாண் போறதுக்குள்ள புதைஞ்சிடும். அது ஆஸ்பத்திரி வராந்தாவுக்குன்னு செஞ்ச சக்கரம்.

ஆனா அவருக்கு வயலை விடப் பெரிய குறை, கமிட்டிக்குப் போக முடியலையேன்னுதான். வருசா வருசம் மூட்டையை நான்தான் கொண்டுபோவேன். ஏலம் முடிஞ்சதும் போன்ல விலை சொல்லுவேன். "சரி" அப்படின்னு ஒரே வார்த்தை. போன தை மாசம் வாயைத் திறந்து சொல்லிட்டார். "நீ போய் சரக்கை வித்துட்டு வர்றே. நான் வியாபாரி காயைக் குலுக்கிப் பாக்கும்போது அவன் மூஞ்சைப் பாக்கணும்டா. ஒன்பது வருசமா யாரோ ஒருத்தர் சரக்கு மாதிரி வெலை கேட்டுக்கினு இருக்கேன்."

பஸ் எங்களுக்கு ஆகாது. 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்குப் போற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்லை. நல்ல விஷயம்தான். ஆனா சாதாரண பஸ்ஸோட தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர், அதாவது மூணடி. படியில ஏற முடியாத ஆளுக்கு இலவச டிக்கெட்டை வச்சு என்ன செய்யறது? சென்னையில 2024 ஆகஸ்ட்லிருந்து ஓடுற தாழ்தளப் பேருந்துக்கு 400 மில்லிமீட்டர்தான், பக்கவாட்டுல சாயவும் செய்யும். அதுக்காக மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. நீங்க தினம் ஏறி இறங்குற பஸ்ஸா இருக்கலாம். அடுத்த தடவை அந்த மடக்குப் பலகை எங்கே இருக்குன்னு பாருங்க.

அதனால குட்டி யானைதான். டாடா ஏஸ். பின்னாடி மூட்டையும் மடிச்ச நாற்காலியும், முன்னாடி டிரைவர் பக்கத்துல சித்தப்பா. ஏறுறதுக்கு வழவழன்னு இழைச்ச ஒரு பலகை இருக்கு. ஒரு முனை நாற்காலியில, மறு முனை வண்டி சீட்டுல. கையை ஊன்றி அதுமேல நகர்ந்தே போயிடுவார். யாரும் தொட வேண்டியதில்லை.

இந்த வித்தை வேலூர்ல கத்துக்கிட்டது. விழுப்புரத்துல ரயிலேறினா திருவண்ணாமலை வழியா காட்பாடி. அங்கே சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்தை 1966-ல ஆரம்பிச்சவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல கார் விபத்துல அவருக்கும் இதே மாதிரி முதுகுத்தண்டு போச்சு. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைக்கு அறுவை சிகிச்சை செஞ்சார். சித்தப்பாவுக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை. யாராவது "பாவம்"னு ஆரம்பிச்சா இதைத்தான் எடுத்து விடுவார்.

பயணத்துல ரெண்டு தொல்லை உண்டு. ஒண்ணு, உணர்வு இல்லாததால உட்கார்ந்த இடத்துல புண்ணு வந்தாத் தெரியாது. கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கணும். எங்க ரோட்டுல குலுங்குற வண்டியில இது லேசு இல்லை. இன்னொண்ணு, ஒண்ணுக்கு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் டியூப் வைக்கணும், அதுக்குச் சுத்தமான, கதவு சாத்துற, நாற்காலி நுழையுற இடம் வேணும். திண்டிவனம், விழுப்புரம் பயணம்னா முதல்நாள் ராத்திரியிலிருந்தே தண்ணியைக் குறைச்சிடுவார். டாக்டர் திட்டுறார். "நீங்க கக்கூஸ் காட்டுங்க, நான் தண்ணி குடிக்கிறேன்"னு இவர் பதில் சொல்றார்.

நாங்க போற கமிட்டியில முன்வாசல்ல படி. மூட்டை தூக்குறவங்க ஓடி வந்தாங்க. "மாமா, நாலு பேரு இருக்கோம், அப்படியே தூக்கிடறோம்." நல்ல பசங்க. சித்தப்பா கையைக் காட்டி நிறுத்திட்டார். "தூக்கறது சரி. இறங்கணும்னா உங்களைத் தேடணுமே. நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க." அப்புறம் கட்டிடத்தை ஒரு சுத்து பார்த்தார். பின்பக்கம் மூட்டைத் தள்ளுவண்டி ஏற சிமெண்ட் சரிவு. நாற்காலியைத் திருப்பி, தானே சக்கரத்தை உருட்டி ஏறிட்டார். வருசக்கணக்கா நான் அந்தச் சரிவுலதான் மூட்டை தள்ளியிருக்கேன். மூட்டை ஏற வழி கட்டினவங்களுக்கு மனுசன் ஏற வழி தோணலை, என்னத்தைச் சொல்ல.

உள்ளே அவர் பேசினதெல்லாம் காயைப் பத்தி மட்டும்தான். ஒரு பிடி அள்ளி, உடைச்சு, பருப்பை நசுக்கிக் காட்டி, "ஈரம் பாரு, இன்னா சொல்றே"ன்னு வியாபாரியைக் கேட்டார். அவரும் குனிஞ்சு நின்னு பதில் சொன்னார். விலை நான் எதிர்பார்த்ததுதான், கூட எல்லாம் இல்லை. சித்தப்பாவுக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையா வீட்டுக்குச் சரிவு கட்டச் சொன்னார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்னு கணக்கு. எங்க திண்ணை ஒன்றரை அடி, ஆக பதினெட்டு அடி. பசு கட்டுற இடத்தை அது முழுங்கிடுச்சு. சித்தி ஒரு வாரம் பேசலை. இப்போ அதுல மல்லாட்டை காயப்போடுறாங்க. சித்தப்பா வெளியே போகணும்னா, முதல்ல அதை ஓரமா ஒதுக்கச் சொல்லிக் கத்தணும்.